‘டிஸ்’ என்றால் சிரமம்

மருத்துவச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கிரேக்க முன்னொட்டு. அதன் பொருள் தெரியாததால் வீடுகளில் வீண் பயமும் சில சமயம் உண்மையான ஆபத்தும்.

மைசூருவின் மேற்கே மானசகங்கோத்ரி. பல்கலைக்கழக வளாகத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் கவிஞர் குவெம்பு. மரங்கள் அடர்ந்த இந்தப் பகுதியில்தான் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது சுருக்கமாக ‘ஐஷ்’. நான்கு வயதாகியும் பேசாத குழந்தை, திக்குவாயால் கூசும் இளைஞர், குரல் கம்மிப்போன பள்ளி ஆசிரியை, பக்கவாதத்துக்குப் பிறகு சொல் கிடைக்காமல் தவிக்கும் பெரியவர் என்று பலவிதமானவர்கள் அங்கே வருகிறார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. பரிசோதனை முடிந்து திரும்பும்போது கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஆங்கில எழுத்தில், ஆங்கிலமல்லாத ஒரு சொல்: டிஸ்லெக்சியா, டிஸ்ஆர்த்ரியா, டிஸ்போனியா, டிஸ்பேஜியா.

வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சொல் நோயைவிடப் பெரிதாகிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்த நிறுவனமே ஒரு கிரேக்கப் பெயரோடுதான் பிறந்தது. 1965-ல் தொடங்கியபோது அது ‘லோகோபீடிக்ஸ்’ நிறுவனம். லோகோஸ் என்றால் சொல். பின்பாதி, பிள்ளைகளைப் பழக்கும் கலையைக் குறிப்பது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இதே பெயரில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று இருந்தது. ஆனால் மைசூருவில் அந்தப் பெயர் அதிக காலம் நிற்கவில்லை. ‘ஸ்பீச் அண்ட் ஹியரிங்’ என்று எல்லோருக்கும் புரியும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். கன்னடத்தில் ‘வாக் ஸ்ரவண சம்ஸ்தே’. வாசல் பலகையிலிருந்து கிரேக்கம் இறங்கிவிட்டது. மருத்துவச் சீட்டிலிருந்து இறங்கவில்லை. இறங்கவும் முடியாது, உலகம் முழுக்க டாக்டர்கள் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளும் பாஷை அது.

அப்படியானால் அந்த ‘டிஸ்’ என்னதான் சொல்கிறது?

கிரேக்கத்தில் அதற்கு ‘கடினமான’, ‘கெட்ட’, ‘சரியில்லாத’ என்று பொருள். எதிர்ச்சொல் ‘யூ’: நல்ல, எளிதான. இந்த ஜோடி நமக்கு அந்நியமானதல்ல. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பம். அங்கே ‘டிஸ்’, இங்கே ‘துஸ்’, ‘துர்’. அங்கே ‘யூ’, இங்கே ‘சு’. துர்நாற்றம், துர்மரணம், துஷ்பிரயோகம் என்று தமிழில் நாம் தினமும் புழங்கும் சொற்களின் தலையில் உட்கார்ந்திருப்பது மருத்துவச் சீட்டில் இருக்கும் அதே முன்னொட்டின் உடன்பிறப்புதான். பஞ்சத்துக்கு ‘துர்பிட்சம்’ என்கிறோம். பிச்சை கிடைப்பதும் அரிதான காலம் அது. பிச்சை எளிதாகக் கிடைத்தால் சுபிட்சம்.

மைசூருவில் இதற்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சாமுண்டி மலை. மகிஷனை வதைத்த துர்க்கையின் வடிவம்தான் சாமுண்டீஸ்வரி. ‘துர்கா’ என்றால் நெருங்கிச் செல்ல அரியவள். அதனால்தான் எதிரி எளிதில் ஏற முடியாத மலைக்கோட்டைக்கும் துர்க்கம் என்று பெயர். வடக்கே சில மணி நேரப் பயணத்தில் சித்ரதுர்கா இருக்கிறது. இந்தச் சொல்லை அப்படியே கிரேக்கத்தில் சொன்னால் ‘டிஸ்ப்ரோசிடோஸ்’. ‘டிஸ்’ கடினம், ‘ப்ரோஸ்’ நோக்கி, ‘இடோஸ்’ செல்லுதல். 1886-ல் பாரிசில் லெகோக் த புவாபோத்ரான் என்ற வேதியியலாளர், ஒரு தாதுவை மீண்டும் மீண்டும் கரைத்தும் படியவைத்தும் அதற்குள் ஒளிந்திருந்த புதிய தனிமத்தைக் கண்டார். பிடி கொடுக்காமல் படுத்திய அதற்கு ‘டிஸ்ப்ரோசியம்’ என்று பெயர் வைத்தார். சுத்த உலோகமாக அது கைக்குக் கிடைக்க 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர்ப் பொருத்தம் அதோடு நிற்கவில்லை. மின்சார வாகன மோட்டாரின் காந்தத்தில் சிறிதளவு டிஸ்ப்ரோசியம் சேர்த்தால்தான் சூட்டிலும் காந்த சக்தி குறையாமல் இருக்கும். 2025 ஏப்ரலில், டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி செய்ய அனுமதி கட்டாயம் என்று சீனா அறிவித்தது. இந்திய வாகனத் தொழிற்சாலைகள் காந்தத்துக்குத் தவித்தன. மணவாளக்குறிச்சி மணலில் அரிய மண் தனிமங்கள் உண்டு என்றாலும் டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான வகைகள் அதில் குறைவு. தனிம வரிசை அட்டவணையில் ஒரு துர்க்கை.

மருத்துவத்துக்குத் திரும்புவோம். இங்கே ‘டிஸ்’ஸுக்கு ஒரு கடுமையான அண்ணன் உண்டு: ‘அ’ அல்லது ‘அன்’. அதுவும் நமக்குத் தெரிந்ததே, நீதி, அநீதி. ‘அ’ என்றால் இல்லை. ‘டிஸ்’ என்றால் இருக்கிறது, ஆனால் சிரமப்படுகிறது. டிஸ்போனியா என்றால் குரல் கெட்டிருக்கிறது. அபோனியா என்றால் குரலே எழவில்லை. டிஸ்ப்னியா என்றால் மூச்சுத் திணறல். அப்னியா என்றால் மூச்சு நின்று நின்று வருவது. டிஸ்யூரியா என்றால் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பெரும்பாலும் தொற்று, மருந்தில் குணமாகும். அன்யூரியா என்றால் சிறுநீரே உற்பத்தியாகவில்லை. சிறுநீரகம் நின்றுபோவதன் அடையாளம், உயிருக்கே ஆபத்து. ஒரு முன்னொட்டின் வித்தியாசம்தான் வீட்டுக்குப் போவதற்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதற்கும்.

மைசூருவில் 1908-ல் தொடங்கப்பட்ட அரசு ஆயுர்வேதக் கல்லூரியின் மாணவர்களுக்கு இந்தப் பாகுபாடு புதிதல்ல. ஆயுர்வேதத்தில் ‘மூத்ரகிருச்சிரம்’ தனி, ‘மூத்ராகாதம்’ தனி. முன்னது சிரமம், பின்னது அடைப்பு. நம் பாட்டிமார் இதையே நீர்க்கடுப்பு, நீர்க்கட்டு என்று பிரித்தார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி உட்கார்ந்து யோசிக்காமலே கிடைத்த துல்லியம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது. ஆங்கிலத்தில் இரண்டு ‘டிஸ்’ உண்டு. ஒன்று கிரேக்கத்தது, ஒய் போட்டு எழுதுவது. இன்னொன்று லத்தீன்; ஐ போட்டு எழுதுவது, விலக்குதல், பிரித்தல், இல்லாமை ஆகியவற்றைக் குறிப்பது. டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ், டிஸ்கவுண்ட், டிஸ்பென்சரி எல்லாம் இந்த இரண்டாம் வகை. ‘டிஸ்எபிலிட்டி’யும் அதுதான். ஆங்கிலம் தெரிந்தவரின் கண் வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் இரண்டும் ஒரே ‘டிஸ்’. டிஸ்லெக்சியாவும் டிஸ்எபிலிட்டியும் ஒரே ஜாதி என்று ஒரு தகப்பனார் நினைத்தால் குற்றம் அவருடையதல்ல. ஆங்கிலேயர்களே இதில் குழம்புகிறார்கள். திக்கலைக் குறிக்கும் ‘டிஸ்புளூயன்சி’ என்ற சொல்லைப் பேச்சு நிபுணர்களில் ஒரு சாரார் ஒய் போட்டும், இன்னொரு சாரார் ஐ போட்டும் எழுதுகிறார்கள். ‘டிஸ்பங்ஷன்’ என்பதோ கிரேக்கத் தலையும் லத்தீன் உடலும் கொண்ட நரசிம்மாவதாரம்.

ஆனால் எல்லாக் குழப்பத்திலும் ஆபத்தானது வேறொன்று. டிஸ்பேசியா, டிஸ்பேஜியா. எழுத்தில் ஒரே ஒரு வித்தியாசம். முதலாவது பேச்சைப் பற்றியது: பக்கவாதத்தால் மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டு, சொல் தேடித் தவிப்பது அல்லது பிறர் சொல்வது புரியாமல் போவது. இரண்டாவது விழுங்குவதைப் பற்றியது: உணவும் நீரும் தொண்டையில் சரியான வழியில் இறங்காதது. ‘பேஜின்’ என்றால் கிரேக்கத்தில் உண்ணுதல். இரண்டுமே பக்கவாத நோயாளிக்கு வரக்கூடியவை. ஒருவருக்கே இரண்டும் வரலாம். இரண்டையும் கவனிப்பவரும் ஒருவரே: பேச்சு சிகிச்சையாளர். விழுங்குவதற்கும் பேச்சு சிகிச்சையாளரிடம்தான் போக வேண்டும் என்பதே பல குடும்பங்களுக்குச் செய்தி. நாக்கு, உதடு, தொண்டை, குரல்வளை என்று இரண்டு வேலைக்கும் ஒரே தசைகள் என்பதை நினைத்தால் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

வாயிலிருந்து வயிற்றுக்குப் போகும் பாதையும், மூக்கிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ரயில்வே கேட் மாதிரி. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி சாய்ந்து, குரல் நாண்கள் இறுகி, மூச்சு ஒரு கணம் நின்று, கேட் மூடப்படுகிறது. உணவு கடந்த பிறகு திறக்கிறது. பக்கவாதத்தில் கேட் மூடத் தாமதமாகலாம். அப்போது எது முதலில் தவறான தண்டவாளத்தில் பாயும்? கெட்டியான கூழ் அல்ல. தண்ணீர்தான். மெல்லிய திரவம் என்பதால் கேட் மூடுவதற்குள் நுரையீரல் பக்கம் நழுவிவிடுகிறது. அங்கே போன நீரும் எச்சிலும் கிருமியும் சேர்ந்து நிமோனியாவை உண்டாக்கும். பக்கவாதம் வந்து முதல் சில நாட்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது ஒரு சிரமம் இருக்கிறது. பலருக்குப் பிறகு அது சரியாகிவிடும். அந்த முதல் நாட்களே முக்கியம்.

நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர் மயங்கி விழுந்தால் முதலில் நீளும் கை தண்ணீர்ச் செம்போடு இருக்கும். கண் விழித்ததும் ‘ரெண்டு மடக்கு காப்பி குடிங்கப்பா’. பாசம்தான். ஆனால் விழுங்கும் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் வரை வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்பதே மருத்துவ விதி. இருமினால் தெரிந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். தொண்டையின் உணர்ச்சியும் மழுங்கியிருந்தால் இருமலே வராது. நீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். விழுங்கிய பிறகு குரல் நீர் தளும்புவது போல மாறுவது, கன்னத்துக்குள் சோறு தங்குவது, வாயோரம் எச்சில் வழிவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். சிகிச்சை பெரும்பாலும் எளிமையானது. நேராக உட்காரவைப்பது, சிலருக்கு மோவாயைக் கீழே இறக்கி விழுங்கச் சொல்வது, சிலருக்கு நீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது. யாருக்கு எது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரேயில் படமாகவே பார்ப்பார்கள்.

இப்போது சீட்டில் டிஸ்பேஜியா என்று இருப்பதை வீட்டார் டிஸ்பேசியா என்று படித்தால்? ‘பேச்சுதானே வரலை, சாப்பாட்டுக்கு என்ன’ என்று தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் குழப்பம் வீடுகளில் மட்டுமல்ல, டாக்டர்கள், நர்சுகள் மத்தியிலும் நடக்கக்கூடியது. அதனாலேயே பல நாடுகளில் டிஸ்பேசியா என்ற சொல்லை ஓரங்கட்டிவிட்டு, பேச்சுச் சிரமம் லேசானதாக இருந்தாலும் ‘அபேசியா’ என்றே எழுதுகிறார்கள். கிரேக்க இலக்கணப்படி இது தவறு. நோயாளியின் நுரையீரலுக்கு இதுவே சரி. தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம் உண்டு. டிஸ்பேசியாவுக்குள் ‘பேசி’ இருக்கிறது. முழுக்கத் தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிரேக்கர்களுக்கே கிடையாது.

டிஸ்ஆர்த்ரியாவின் கதை வேறு. சொல் மனதில் தெளிவாக இருக்கும், உச்சரிக்கும் தசைகள்தான் ஒத்துழைக்காது. நாக் குழறல் என்றால் எவருக்கும் புரியும். ஆனால் குழறலைக் கேட்டதும் நம் ஊரில் முதலில் வரும் சந்தேகம் எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கின்சன் நோயும் பக்கவாதமும் வந்தவர்கள் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே தயங்குவது இதனால்தான்.

தமிழ் இந்த ‘டிஸ்’ஸுக்கு ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. சிறுநீர் என்றால் கடுப்பு. மூச்சு என்றால் திணறல். மாதவிடாய் என்றால் வலி. நாக்கு என்றால் குழறல். டிசென்டரியைப் பிரித்தால் ‘டிஸ்’, ‘என்டெரான்’. அதாவது குடல் கோளாறு. நமக்கு அது சீதபேதி, அல்லது வயிற்றுக்கடுப்பு. சிரமத்தின் வகையையும் சேர்த்துச் சொல்லிவிடும் இந்தச் சொற்களோடு ஒப்பிட்டால் கிரேக்க முன்னொட்டு கொஞ்சம் மொண்ணைதான். சில இடங்களில் நாமும் தடுமாறியிருக்கிறோம். டிஸ்பெப்சியா என்றால் சிரமப்பட்டு ஜீரணமாவது. நாம் ‘அஜீரணம்’ என்று ‘அ’ போட்டு, ஜீரணமே இல்லை என்று சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லில் வரும் ‘பெப்’, கிரேக்கத்தில் சமைப்பதையும் செரிப்பதையும் குறிக்கும். பக்குவம், பாகம் என்று சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களின் வேரும் அதுவே. வயிறு என்பது இரண்டாவது அடுப்பு என்ற எண்ணம் இரண்டு நாட்டிலும் இருந்திருக்கிறது. 1898-ல் கேலப் பிராடம் என்ற அமெரிக்க மருந்துக் கடைக்காரர், தன் பானம் ஜீரணத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையில் டிஸ்பெப்சியாவிலிருந்து ‘டிஸ்’ஸை உதறிவிட்டு ‘பெப்சி’யை எடுத்துக்கொண்டார். கல்யாண விருந்து முடிந்து அதைக் குடிப்பவர்கள் யாரும் கிரேக்கம் படித்தவர்கள் அல்ல.

மஸ்குலர் டிஸ்ட்ரோபி இன்னொரு பாடம். ‘ட்ரோபி’ என்றால் ஊட்டம். அப்படியே பெயர்த்தால் தசை ஊட்டக்கேடு. அப்படிப் பெயர்த்திருந்தால் பாதாமும் பாலுமாகக் கொடுத்துக் குடும்பங்கள் காசைக் கரைத்திருக்கும். ஊட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரபணுவில் வரும் பிழை. தமிழில் ‘தசைச் சிதைவு’ என்றார்கள். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு சரியாக அமைந்த இடம் அது. விசித்திரம் என்னவென்றால், 1987-ல் அந்த நோயில் இல்லாமல் போகும் புரதத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ‘டிஸ்ட்ரோபின்’ என்று பெயரிட்டார்கள். தசையைக் காப்பாற்றும் புரதத்துக்கு நோயின் பெயர்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1847-ல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவ மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் உண்டாக்கினார். அவர் காலத்துச் சொற்களில் பல இன்று நமக்கு அகராதி இல்லாமல் புரியாது. சமஸ்கிருதம் கொஞ்சம் தூக்கல். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள், அகராதிகள். சொற்களுக்குக் குறைவே இல்லை. அவை புத்தகத்திலிருந்து சீட்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

மானசகங்கோத்ரியிலேயே இந்த முரணைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் ஐஷ். அதே பகுதியில் 1969-ல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம். செம்மொழித் தமிழுக்கான மையம் 2008-ல் சென்னைக்கு இடம் மாறும் முன் இங்கேதான் இயங்கியது. அறிவு நூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கத்தின் தலைமையிடமும் இதுவே. நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்களும், அதை எப்படிச் சொல்லலாம் என்று தெரிந்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில்.

எல்லா ‘டிஸ்’ஸிலும் தமிழ்க் குடும்பங்களை இன்று அதிகம் அலைக்கழிப்பது டிஸ்லெக்சியா. ‘லெக்சிஸ்’ என்றால் சொல். 1880-களில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் டாக்டர் ருடால்ப் பெர்லின். மூளை பாதிக்கப்பட்ட அவருடைய நோயாளிகள் சில சொற்களைப் படிப்பார்கள். பிறகு தொடர முடியாமல் நிறுத்திவிடுவார்கள். படிக்கவே முடியாமல் போவதற்கு அலெக்சியா என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. இவர்களுக்கு அது பொருந்தாது என்று பெர்லினுக்குத் தெரிந்தது. முடிகிறது, ஆனால் சிரமம். எனவே ‘அ’வை எடுத்துவிட்டு ‘டிஸ்’ போட்டார். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, விளையாட்டிலும் சூட்டிகை, எழுத்து மட்டும் ஏறவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று ஆசிரியரே சொல்லியிருந்தார்.

நூறாண்டுக்கு மேல் ஆகியும் நம் வகுப்பறையில் பெர்சிக்குக் கிடைக்கும் பெயர் ‘மக்கு’. கொஞ்சம் விவரமான இடமென்றால் ‘கற்றல் குறைபாடு’. இந்தச் சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ‘குறைபாடு’ குழந்தையிடம் ஏதோ குறைவதாகச் சொல்கிறது. ‘கற்றல்’ எல்லாப் படிப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. ‘வாசிப்புச் சிரமம்’ என்றால் உள்ளதை உள்ளபடி சொன்னது ஆகும். பழைய தமிழில் கடினத்துக்கு ‘அரு’ என்ற அழகான அடை இருக்கிறதே என்று கேட்கலாம். ‘அருவாசிப்பு’ என்று போட்டால் பையன் ஏதோ அபூர்வமாக வாசிக்கிறான் என்று மாமா மெடல் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

சொல்லைப் போலவே சோதனையும் இறக்குமதிதான். ஆங்கில நாடுகளில் குழந்தையிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லச் சொல்வார்கள். தடுமாறினால் சந்தேகம். கன்னடமும் தமிழும் படிக்கும் குழந்தைக்கு இது பொருந்துமா? ‘க’ என்பது நமக்கு ஓர் எழுத்து; அதை ‘க்’ கூட்டல் ‘அ’ என்று பிரிப்பது இலக்கண வகுப்பில் வரும் வித்தை. பிரகாஷ், பிரதிபா காரந்த் முதலிய ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அட்சர எழுத்தில் மட்டும் படித்த குழந்தைகள் நன்றாக வாசித்தார்கள். அசைகளைப் பிரிப்பதில் சமர்த்தாக இருந்தார்கள். தனி ஒலியைப் பிரிக்கச் சொன்னால் திணறினார்கள். மேல்நாட்டுச் சோதனையை அப்படியே வைத்தால் நல்ல வாசகரையும் டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்திவிடும் அபாயம் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. ஆங்கிலத்தைவிட ஒழுங்காக உச்சரிக்கப்படும் எழுத்துகளில் டிஸ்லெக்சியா தப்பும் தவறுமாக அல்ல, மெதுவான வாசிப்பாகவே வெளிப்படுகிறது. தப்பில்லாமல் படிக்கிறானே என்று ஆசிரியர் விட்டுவிடுவார். வினாத்தாளைப் படித்து முடிப்பதற்குள் பையனுக்கு நேரம் போய்விடும். அதே சமயம் ல, ள, ழ குழப்பத்தை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். அந்தக் கணக்கில் பார்த்தால் பாதித் தமிழ்நாடு ஐஷ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு பிரிவுகள்தான் இருந்தன. டிஸ்லெக்சியா அதில் கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவுகளை 21 ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா, டிஸ்கால்குலியா, டிஸ்பிராக்சியா என்று நான்கு ‘டிஸ்’கள் வரிசையாக நிற்கின்றன, வாசிப்பு, எழுத்து, கணக்கு, உடல் அசைவுகளைக் கோத்துச் செய்வது என்று நான்கு சிரமங்கள். சட்டத்தின் விளக்கத்திலும் ‘சிரமம்’ என்ற பொருள் தரும் சொல்தான் இருக்கிறது. இந்தச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஆள் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். ‘ஊனமுற்றவன்’ என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் சான்றிதழே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவசரமாக ஓடி வருபவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சோதனை ஒரே நாளில் முடிவதல்ல. கண், காது, அறிவுத்திறன், வாசிப்பு என்று பல படிகள் உண்டு. குழந்தை எந்த மொழியில் பேசிப் பழகியதோ அந்த மொழியிலும் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால் தாளில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து கேட்கவாவது நேரம் இருக்கும்.